சிரிப்புக்கு விட்ட இடைவெளி

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் நான் "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று சொன்னால் போதும், பக்கத்திலிருப்பவர் திரும்பி முகத்தைப் பார்த்துவிட்டு, "கேரளாவா?" என்று கேட்பார். இல்லை, யாழ்ப்பாணம் என்பேன். "அதான பாத்தேன், மலையாளம் கலந்து வருது" என்பார். நான் பேசுவது தமிழ்தான் என்பதை இந்த ஊரில் யாருக்கும் நிரூபிக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு சலித்தது. இப்போது, ஒருவர் வியர்வை இன்னொருவர் சட்டையில் ஊறும் அந்த நெரிசலுக்குள், வாயைத் திறக்குமுன் எந்தத் தமிழை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருப்பதே அருவருப்பாக இருக்கிறது. பாதி நாள் பேசாமலே இருந்து, இறங்குமிடம் வந்ததும் கம்பியில் தட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் நீங்கள்தான். சாவகச்சேரியில், யாழ்ப்பாணத்தில், ஸ்கார்பரோவில், லண்டனில் இருக்கும் என் சொந்தங்களும் பள்ளிக்கூடச் சிநேகிதிகளும் போன மாதம் முழுக்க எனக்கு ஒரே காணொளித் துண்டைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தமிழாக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் 'எங்கட தமிழ்' கதைக்கிறார். கீழே சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். "உன்ர வேலையோ இது?" என்று கேட்டிருந்தீர்கள். ஒருவருக்கும் நான் பதில் போடவில்லை. இதுதான் பதில்.

என் கணவர் முரளி அம்பத்தூர்க்காரர். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை பார்த்தபோது வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தார், அப்படித்தான் பழக்கம். அவருடைய பள்ளிக்கூடத் தோழர் கஜேந்திரன், எல்லோருக்கும் கஜா, எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டப்பிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எனக்கு ஆங்கிலமும் தமிழும் ஓரளவு வரும் என்று தெரிந்ததும், "ஊட்ல சும்மா ஏன் குந்திகினு கீற? நம்ம கிட்ட வந்து வசனம் எழுது தங்கச்சி" என்று அழைத்தார். மகள் ஆரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அங்கேதான் இருந்தேன். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு, ஜன்னலே இல்லாத அறை, மூக்கைத் துளைக்கும் பழைய பிரியாணி வாடை, எப்போதும் ஈரம் சொட்டும் ஏசி. அந்த அறைக்குள் உட்கார்ந்து ஜப்பானிய அரக்கர்களுக்கும் துருக்கிய மாமியார்களுக்கும் தமிழ் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு இந்தத் தொடர் வந்தது. பெயர் வேண்டாம். ஒரு வீடு, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர். பெரிதாக ஒன்றும் நடக்காது. குளியலறைக் குழாய் ஒழுகும், இரவுச் சாப்பாடு கருகும், பையன் பரீட்சையில் கோட்டைவிடுவான். கஜா அண்ணாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மொத மூணு சீசன் சொக்கத் தங்கம்மா. அப்பால வந்ததெல்லாம் குப்ப. இதுல வாழ்க்க கீது" என்றார். இணையத்திலும் அதையே எழுதியிருந்தார்கள்: முதல் சீசன்களில்தான் உயிர் இருக்கிறது.

அந்த உயிரை நாளெல்லாம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்கும் வேலை எனக்கு. கணவன் மனைவியை நோக்கி முஷ்டியை ஓங்குகிறான்; சிரிப்பு. மனைவி இரண்டாவது முறை தட்டில் சாப்பாடு போட்டுக்கொள்கிறாள், சிரிப்பு. மகளை இந்த மூக்கோடு எவன் கட்டுவான் என்று தகப்பன் கேட்கிறான், பெரிய சிரிப்பு. வசனம் எழுதுகிறவளுக்கு இதில் ஒரு விதி உண்டு: சிரிப்பொலி தொடங்குமுன் தமிழ் வாக்கியம் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் வெட்டிக் குறைக்க வேண்டும். ஆக, நான் எழுதிய ஒவ்வொரு வரியும் யாரோ சிரிப்பதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் வரி. ஒரேயொரு இடம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் தூங்கப் போன பிறகு அந்த மனைவி சமையல்கட்டில் நின்றபடியே மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். அதற்குச் சிரிப்பு வைக்க மறந்துவிட்டார்கள். அவள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்தத் தொடரை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது, கூடத்துத் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை போடுவார்கள். எங்களைப் போலவே வந்து சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்போம். யாருக்கும் ஆங்கிலம் முழுதாய் விளங்காது. பெட்டி சிரிக்கும்போது நாங்களும் சிரிப்போம். அப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அவர் ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர், அப்படிச் சிரிக்கிற ஆளே அல்ல. லொட்ஜ்காரருக்கு எங்களைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சிரித்தார் என்று பின்னால் யோசித்தேன்.

அதே நாட்களில் ஒருமுறை அப்பாவோடு பஸ்ஸில் போனேன். அவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் டிக்கெட் கேட்டார். நடத்துநர் அதே சொல்லை அப்பா சொன்ன மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டினான். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு பஸ் முழுக்கச் சிரித்தது. நான் அப்பாவை அண்ணாந்து பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இரண்டு ஓரமும் மேலே போயிருந்தன; கண்ணில் ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை வியர்த்து நனைந்திருந்தது. அந்த முகத்தை நான் எவருக்கும் சொன்னதில்லை, அக்காவுக்குக்கூட.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் ஸ்டூடியோவில் இருந்தேன். என் கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்து, கையில் இல்லாத நேரம். போக வழியில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அறையை விட்டு வெளியே வந்தேன். கஜா அண்ணா நடையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அப்பா மோசம் போயிட்டார்" என்றேன்.

நமக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: இறந்துபோவது. இந்த ஊரில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. அவர் தேநீர்க் குவளையைச் சுவர்மேல் டக்கென்று வைத்தார். "யாரும்மா ஏமாத்துனது? சொல்லு, இப்பவே ஆளுங்கள இட்டுகினு போலாம்! கொழும்புல எனக்கு ஆளு கீது" என்றார். கண் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உண்மையாகவே புறப்படத் தயாராக நின்றார். அவருக்கு விளங்கும் சொல்லைத் தேடி, "செத்துப் போயிட்டார் அண்ணா" என்றேன். அவர் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார். பிறகு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்று முழுக்க எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். உள்ளே நான் கைப்பேசியில் அப்பாவின் செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல நாள் கழித்து முரளியும் நானும் அதை நினைத்துச் சிரித்தோம். அப்பாவுக்காக அடிதடிக்குக் கிளம்பிய ஒரே மனிதர் கஜாதான் என்று முரளி சொன்னார். அந்தச் சிரிப்பு வேறு. அது எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

தொடரின் இரண்டாவது சீசனில் ஓர் அத்தியாயம். மாடிவீட்டுக்காரருக்குச் சொந்த நாட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அவர் எந்த நாட்டவர் என்பதை எங்கும் சொல்வதில்லை. சிரிப்பதற்கு நாடு தேவையில்லை போலும். கீழே இறங்கி வந்து வீட்டுக்காரனிடம், "மை மதர் ஈஸ் ஃபினிஷ்ட்" என்கிறார். "ஃபினிஷ்ட் வாட்?" என்று அவன் கேட்கிறான். சிரிப்பு. அந்த மனிதர் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு விழிக்கிறார். மறுபடி சிரிப்பு. முடிந்தவரை அடக்கமாகத்தான் தமிழ் எழுதிக் கொடுத்தேன். கஜா அண்ணா படித்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். "சிரிப்பே வரல தங்கச்சி. உட்டுடு, இத நான் பாத்துக்கிறேன்."

அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தின் ஒலிப்பதிவுக்கு வரச் சொன்னார்கள். பட்டாபிராமிலிருந்து வரும் டேவிட் என்ற கலைஞர் மைக் முன்னால் நின்றார். நல்ல பிள்ளை, நாலு குரலில் பேசுவார். "அக்கா, சிலோன் தமிழ் கரெக்டா கீதான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் அந்த மனிதர் மாடிப்படியிறங்கி வந்தார். டேவிட் மூக்கால் இழுத்து, சொல்லுக்குச் சொல் ராகம் போட்டு, "ஐயா, என்ர அம்மா மோசம் போயிட்டா" என்றார். வீட்டுக்காரனுக்குக் குரல் கொடுத்தவர், "யாரும்மா ஏமாத்துனது? சொல்லு, இப்பவே ஆளுங்கள இட்டுகினு போலாம்!" என்று முழங்கினார். "ம்மா"வைக்கூட மாற்றவில்லை. ஆணைப் பார்த்து "யாரும்மா" என்பதே இன்னும் வேடிக்கை என்று விட்டுவைத்திருந்தார்கள். தனியாக வந்திருந்த சிரிப்பொலியைச் சேர்த்து ஓட விட்டதும், அளவெடுத்துத் தைத்த மாதிரி அது வசனத்தின் முடிவில் வந்து விழுந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கஜா அண்ணா தொடையில் தட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பரிசு கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி. என் வாயின் இரண்டு ஓரமும் மேலே போவது எனக்குத் தெரிந்தது. நான் போகச் சொல்லவில்லை. அவை தாமாகவே போயின. பஸ்ஸில் பார்த்த அப்பாவின் முகம் என் முகத்தின்மேல் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, கழுவுதொட்டியில் காலையில் தின்ற இட்லியெல்லாம் கக்கினேன்.

கஜா அண்ணா பின்னாலேயே வந்தார். "இன்னாம்மா ஆச்சு? ஒடம்புக்கு முடியலையா?"

"அது என்ர அப்பாவின்ர சாவு அண்ணா."

"ஐய, பேரா போட்டோம்? யாருக்குத் தெரியும்?" அவர் உண்மையாகவே குழம்பியிருந்தார். "அதுல முட்டாளா இருக்கிறது நான்மா. என்னப் பாத்துதான் சிரிக்கிறாங்க. உன் அப்பாவையா சிரிக்கிறாங்க?"

"அண்டைக்கு நீங்கள் சிரிக்கேல்லையே அண்ணா."

அவர் முகம் ஒரு கணம் அந்த நாளுக்குப் போய்வந்தது. பார்த்தேன். அப்போது அவர் உள்ளே திரும்பிப் போய் அதை அழித்திருந்தால், செத்தவீட்டன்று வாசலில் நின்ற மனிதராகவே கடைசிவரை என் மனதில் இருந்திருப்பார். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வாரமே சாம்பிள் பாத்துட்டு கிளையன்ட் ஓகே பண்ட்டான்மா. ரொம்ப புட்சிட்ச்சாம். அந்த ஆளு வர்ற எல்லா சீனும் இதே சிலோன் பாஷைலயே வேணுங்கிறான். இன்னா பண்ண சொல்ற?"

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. முரளியிடம் சொன்னபோது, "அவன் வேணும்னு செய்யலடி. அவனுக்கு அது தெரியாது" என்றார். தெரியாமல் செய்தால் நாற்றம் குறைந்துவிடுமா? தெருவில் சாக்கடைத் தண்ணீரைத் தெரியாமல் மிதித்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தானே வீட்டுக்குள் வருகிறோம். ஆனால் அவருக்கு அது பள்ளிக்கூட நாள் முதலான சிநேகிதம். கஜா வீட்டு விசேஷங்களுக்கு அவர் தனியாகப் போய்வருகிறார். நான் வீட்டிலிருந்தபடி பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன்.

தொடர் வெளியானது. ஷேர் ஆட்டோவில் கேரளாவா என்று கேட்பது நின்றது. "அக்கா சிலோனு!" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார் ஓட்டுநர் ஒருவர், உடனே, "யாரும்மா ஏமாத்துனது?" என்று முழங்கினார். பின்னால் இருந்த பெண்கள் இருவர் முகத்தில் சுற்றிய துப்பட்டாவை மீறிச் சிரித்தார்கள். அன்பாகத்தான் கேட்டார். பதின்மூன்று வருடமாக நான் தேடிய அடையாளம் கிடைத்துவிட்டது. அது என் அப்பாவின் பிணத்தின்மேல் ஏறி வந்திருக்கிறது.

இவர்களைக்கூட விட்டுவிடுவேன். இவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஊரில் யாருடைய வாசலிலாவது சாவுக்கு வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் நாம் தாழ்ந்த குரலில் சொல்லும் சொல் அது. அதைத்தான் நீங்கள் மஞ்சள் முகங்களோடு கைமாற்றினீர்கள். "எங்கட தமிழ் உலகம் முழுக்கப் போயிட்டுது" என்று ஒரு சிநேகிதி எழுதியிருந்தாள். அக்கா குரல்பதிவே அனுப்பியிருந்தாள். "எடி, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது" என்று அதில் மூச்சு வாங்கினாள். அப்பா மோசம் போனதை அதே வாயால்தான் எனக்குச் சொன்னாள். ஸ்டூடியோவில் நடந்ததை அவளுக்கு நான் சொன்னதில்லைதான். ஆனாலும் ஒரு மகளுக்கு அந்தச் சொல் கேட்டதும் உள்ளே எங்கேயாவது குத்த வேண்டாமா? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கீழ்வீட்டு செல்வராஜ் இறந்துபோனார். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரணிக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியவர். நான் கீழே ஓடினேன். அவர் மனைவி சரோஜாம்மா மாங்காடு அம்மன் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டார்மா, ஒரு வார்த்த சொல்லாம போயிட்டார்மா" என்று அழுதார். வந்தவர்களுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. வாசலில் நின்று நான்தான் சொன்னேன்: "காலைல தவறிட்டாருங்க. தூக்கத்துலயே தவறிட்டாரு." பிசிறில்லாத சென்னைத் தமிழ். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் சொல் தொண்டைவரை வந்து, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து, திரும்ப உள்ளே போனது. என் நாக்கை நானே துப்பிவிடலாம் போலிருந்தது.

சரோஜாம்மாவுக்குத் தேநீர் போட மேலே வந்தேன். கூடத்தில் ஆரணி நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அக்கா அழைத்திருக்கிறாள். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. ஆரணி இங்கேயே பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் அசல் அம்பத்தூர்ப் பேச்சு. பெரியம்மாவோடு மட்டும் என்னைப் பார்த்துப் பழகிய தமிழ். அழுது வீங்கிய முகத்தோடு, குரலைத் தாழ்த்தி, எந்தப் பிழையும் இல்லாமல் சொன்னாள்:

"பெரியம்மா, கீழ்வீட்டு மாமா மோசம் போயிட்டார்."

சாவகச்சேரியில் அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பிள்ளை அந்தக் காணொளியை நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தடிப்பாக்கி, தனக்கு வராத சென்னைத் தமிழில், "யாரும்மா ஏமாத்துனது?" என்று முழங்கிவிட்டு, சத்தமாகச் சிரித்தாள்.

கீழே வாசலில் உடலை வைக்கும் குளிர்பெட்டியோடு வண்டி வந்து நின்றது. சரோஜாம்மாவின் அழுகை திடீரென்று உயர்ந்து மாடிப்படி வழியே ஏறி வந்தது. இங்கே அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியைப் பிடித்தபடி ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயின் ஓரங்கள் மெல்ல மேலே போகத் தொடங்கியிருந்தன.